தட்டு அடுக்கும் திரவப் படிகமும்

செட்டிநாட்டுக் கல்யாண வீட்டில் சீர்ச் சாமான்கள் பரப்பியிருப்பதை நேயர்கள் பார்த்திருப்பீர்கள். தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தூண்போல் நிற்கும். சமீபத்தில் காரைக்குடியில் அப்படியோர் அடுக்கைக் கண்டபோது, பெங்களூரில் நடந்த ஓர் ஆராய்ச்சி நம் நினைவுக்கு வந்தது. தட்டுக்கும் பௌதிக சாஸ்திரத்துக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? சொல்லுகிறோம்.

ஸர் சி. வி. ராமனின் சகோதரி மகன் சிவராமகிருஷ்ண சந்திரசேகர். ராமனின் தமையனார் மகனும் நோபெல் பரிசு பெற்ற வான சாஸ்திரியுமான சந்திரசேகர் வேறு, இவர் வேறு. 1930-ல் கல்கத்தாவில் பிறந்த இவர், நாகபுரி சர்வகலாசாலையில் படித்தபின் பெங்களூரில் அம்மானிடமே ஆராய்ச்சி பயின்றார். பிறகு கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் பெற்று, லண்டனிலும் ஆராய்ச்சி செய்தார். சீமையிலேயே தங்கியிருக்கலாம். ஆயினும் 1961-ல் மைசூர் சர்வகலாசாலையின் புதிய பௌதிகத் துறைக்குத் தலைவராகத் திரும்பி வந்தார். அங்கேதான் திரவப் படிக ஆராய்ச்சியில் இறங்கினார்.

திரவப் படிகம் என்றால் என்ன? கற்கண்டில் மூலக்கூறுகள் வரிசை தவறாமல் அமர்ந்திருக்கின்றன. தண்ணீரில் மனம்போனபடி திரிகின்றன. இடைப்பட்ட நிலையில் சில பொருள்கள் திரவமாக ஓடும். ஆனால், வெள்ளத்தில் ஒரே முகமாக மிதந்து செல்லும் மூங்கில்களைப் போல, மூலக்கூறுகள் ஒரு திசை நோக்கியே இருக்கும். 1888-ல் ஆஸ்திரியரான ரைனிட்ஸர் இந்நிலையைக் கண்டார். மின்விசை பட்டால் அந்த மூங்கில்கள் திரும்பும். ஒளியின் போக்கும் மாறும். கைக்கடிகாரத்தில் எண்கள் தெரிவது இதனால்தான்.

குச்சிபோல் நீண்ட மூலக்கூறுகளுக்கே இக்குணம் உண்டு என்று நெடுங்காலம் பெரும்பாலோர் எண்ணி வந்தனர். 1971-ல் பெங்களூர் ராமன் ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்த சந்திரசேகர், சதாசிவா, சுரேஷ் என்ற இரு சகாக்களுடன் 1977-ல் அவ்வெண்ணத்தை மாற்றினார். நடுவில் பென்ஸீன் வளையமும் சுற்றிலும் ஆறு கிளைகளும் கொண்ட தட்டையான மூலக்கூறுகள், சீர்த் தட்டுகளைப் போலத் தூண் தூணாக அடுக்கி நின்று திரவப் படிகமாயின! இந்தச் செய்தி முதலில் வெளியானது நம் நாட்டு விஞ்ஞானப் பத்திரிகையான 'பிரமாணா'வில்தான். உலக விஞ்ஞானிகள் அதைத் தேடிப் படித்தார்கள். பிற்பாடு ஜப்பானியர் தட்டு வடிவ மூலக்கூறுகளைக் கொண்டு மெல்லிய ஏடு செய்து, பக்கவாட்டில் பார்த்தாலும் திரைக் காட்சி மங்காதபடி செய்தனர்.

1983-ல் லண்டன் ராயல் சங்கம் அவரை அங்கத்தினராக ஏற்றது. 1994-ல் ராயல் பதக்கம் அளித்தது. ஓய்வுக் காலத்திலும் அவர் சும்மா இருக்கவில்லை. 1991-ல் திரவப் படிகத்துக்கென்றே பெங்களூரில் ஒரு நிலையம் தொடங்கினார். 2004-ல் காலமானார்.

ராமன் தம் நிலையத்தை நிறுவிய 1948-ஆம் ஆண்டிலேதான் காரைக்குடியிலும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு நேரு அஸ்திவாரக் கல் நாட்டினார். அதற்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்கியவர் கோட்டையூர் அழகப்பச் செட்டியார். அந்தக் கொடையை எவ்வளவு புகழ்ந்தாலும் தகும். ஆனால் சீர் எவ்வளவு வந்தாலும் குடித்தனம் நடத்த ஆள் வேண்டுமல்லவா? சந்திரசேகரைப் போல் ஊர் திரும்பி வந்து உழைக்கும் பிள்ளைகளே விஞ்ஞானத்தின் குடித்தனக்காரர்கள். அத்தகையவர்கள் நம் வீடுகளிலிருந்தும் புறப்படட்டும்.