‘பொறுத்துக்கோ’ என்றால் மட்டும் போதுமா?

தேர்வு முடிவு வரும் மே மாதத்தில் திண்டிவனம், விழுப்புரம் பக்கம் பல வீடுகளில் கேட்கும் பேச்சு இது: “பக்கத்து வீட்டுப் பையன் எவ்ளோ வாங்கியிருக்கான் பாரு.” பிள்ளை முடங்கிப் போனதும் அதே வாய், “விடுடா, பொறுத்துக்கோ, எல்லாம் சரியாப் போயிடும்” என்கிறது. முதல் பேச்சு குத்துகிறது. இரண்டாவது காதில் ஏறுவதில்லை.

மனவலியைத் தாண்டி வர முடியும் என்பது உண்மைதான். ஆனால் பதினாறு வயதுப் பிள்ளையைத் தனியாகத் தாண்டி வா என்பது நியாயமில்லை. வீடும் பள்ளியும் அரசும் கூடவே நிற்க வேண்டும். அதற்கான சட்டங்களும் இருக்கின்றன.

எதைக் கவனிப்பது?

2018-ல் நீட் முடிவு வந்தபோது விழுப்புரம் மாவட்டம் ஒரு மாணவியை இழந்தது. இப்படிச் செய்தி வரும்போதெல்லாம் ஒற்றைக் காரணத்தைத் தேடுகிறோம். பெரும்பாலும் பல சுமைகள் சேர்ந்துதான் ஒரு பிள்ளையை அழுத்துகின்றன: மதிப்பெண், காதல், வீட்டுச் சண்டை, சாதிப் பேச்சு, அவசரக் கல்யாண ஏற்பாடு.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் சாப்பாடும் கெட்டிருந்தால், நண்பர்களை விட்டு விலகினால், பிடித்த பொருட்களை மற்றவர்களுக்குக் கொடுத்தால் கவனியுங்கள். “நான் இல்லாமப் போனா எல்லாருக்கும் நிம்மதி” என்று சொன்னால் அதை நடிப்பு என்று ஒதுக்காதீர்கள்.

“செத்துப் போகணும்னு தோணுதாப்பா?” என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. பல பிள்ளைகளுக்குப் பேச வழி கிடைக்கும். ஆமாம் என்றால் திட்டாதீர்கள், சத்தியம் வாங்காதீர்கள், தனியே விடாதீர்கள். பூச்சிமருந்தையும் மாத்திரைகளையும் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள். சென்னை சிநேகா தற்கொலைத் தடுப்பு அமைப்பின் நிறுவனர் டாக்டர் லட்சுமி விஜயகுமாரும் அவரது குழுவினரும் பக்கத்துக் கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பகுதிக் கிராமங்களில், பூச்சிமருந்தை வீடுகளில் வைக்காமல் ஊர்ப் பொது இடத்தில் பூட்டி வைக்கும் முறையைச் சோதித்துப் பார்த்தார்கள். கொந்தளிக்கும் மனம் கொஞ்ச நேரத்தில் தணியக்கூடும். அந்த நேரத்தைக் கடத்திவிட்டால் ஓர் உயிரைக் காப்பாற்றலாம்.

எங்கே போவது?

14416. இது ‘டெலிமானஸ்’ மனநல உதவி எண். 2022 அக்டோபரில் தொடங்கியது. கட்டணம் இல்லை, இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம், தமிழில் பேசலாம். மாநில அரசின் 104 எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும்.

நேரில் பார்க்க, திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் வழியில், விக்கிரவாண்டி தாண்டியதும் வரும் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். ஓ.பி. சீட்டு வாங்கும் இடத்தில் “மனநலப் பிரிவு” என்று கேட்டால் போதும். புதுச்சேரி ஜிப்மரிலும் இந்தப் பிரிவு இருக்கிறது.

காத்து கருப்பு என்று நினைத்து மேல்மலையனூர் அம்மன் கோயில் அமாவாசைக்குப் பிள்ளையை அழைத்துப் போகிறவர்கள் உண்டு. அம்மனைக் கும்பிடுங்கள், யாரும் தடுக்கவில்லை. ஆனால் டாக்டரைப் பார்க்க அடுத்த அமாவாசை வரை காத்திருக்க வேண்டாம்.

விபரீதமாக ஏதும் நடந்துவிட்டால் உடனே 108-ஐ அழையுங்கள். “போலீஸ் கேஸ் ஆயிடும்” என்ற பயத்தில் தாமதிக்காதீர்கள். ஆஸ்பத்திரியிலிருந்து காவல் நிலையத்துக்குத் தகவல் போகலாம். அதனால் பிள்ளை குற்றவாளி ஆகிவிடாது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-வது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருதச் சொல்கிறது. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை.

பள்ளியின் பொறுப்பு

விசாகப்பட்டினத்தில் நீட் பயிற்சி பெற்று வந்த 17 வயது மாணவியின் மரணம் தொடர்பான வழக்கில், 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் நெறிமுறைகளை வகுத்தது. 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் படிக்கும் கல்வி நிறுவனத்தில் தகுதியுள்ள ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும். மதிப்பெண்ணை வைத்துப் பிள்ளைகளைப் பிரிக்கவோ, எல்லார் முன்னிலையிலும் அவமானப்படுத்தவோ கூடாது. உதவி எண்களைக் கண்ணில் படும்படி எழுதி வைக்க வேண்டும். பயிற்சி மையங்களுக்கும் விடுதிகளுக்கும்கூட இது பொருந்தும். உங்கள் பள்ளியில் இவை உண்டா என்று பெற்றோர் கூட்டத்தில் கேளுங்கள். பதில் இல்லாவிட்டால் பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண்ணில் சொல்லுங்கள்.

அடி, பாலியல் தொல்லை, பதினெட்டு வயதுக்குள் கல்யாண ஏற்பாடு என்றால் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள். பிள்ளையே நேரடியாக அழைக்கலாம்.

தம்பிக்கும் தங்கைக்கும்

பத்தாம் வகுப்பிலோ பிளஸ் டூவிலோ தவறினால் வருடம் போய்விடாது. சில வாரங்களிலேயே துணைத் தேர்வு உண்டு. அதில் தேறினால் அதே ஆண்டு மேலே படிக்கலாம். மதிப்பெண்ணில் சந்தேகம் என்றால் மறுகூட்டலுக்கு விண்ணப்பிக்கலாம். மற்ற வலிகளுக்கு இப்படித் தேதி குறித்த மறுவாய்ப்பு இல்லைதான். ஆனால் இன்று தெரியாத வழி, இன்னொருவரிடம் பேசிய பிறகு தெரியக்கூடும்.

முதலில் சொன்னவர் காது கொடுக்கவில்லை என்றால் அத்தோடு விட்டுவிடாதே. அம்மா கேட்கவில்லையா, சித்தியிடம் சொல். அவரும் கேட்கவில்லையா, டீச்சரிடம் சொல். யாரும் இல்லை என்று தோன்றும் ராத்திரியில் 14416-ஐக் கூப்பிடு. உதவி கேட்பது தோல்வி ஆகாது. இந்த வயதில் அது உன் உரிமை.