நின்றுகொண்டே பார்த்த நாடகம்

2019 கோடையில் லண்டனில் மகன் வீட்டில் தங்கியிருந்தேன். ஒரு நாள், "அப்பா, ஷேக்ஸ்பியர் நாடகத்துக்கு டிக்கெட் எடுத்திருக்கேன். ஆனா மூணு மணி நேரம் நின்னுக்கிட்டேதான் பார்க்கணும், முடியுமா?" என்றான். வேலைக்காலம் முழுவதும் தண்டவாள ஓரத்தில் நின்றவனிடம் கேட்கிற கேள்வியா இது!

தேம்ஸ் நதியின் தென்கரையில் இருக்கிறது குளோப் அரங்கம். 1599-ல் கட்டிய பழைய குளோப், 1613-ல் 'எட்டாம் ஹென்றி' நாடகத்தின்போது சுட்ட பீரங்கியின் பொறி கூரையில் பட்டு எரிந்துபோயிற்று. அதைப் போலவே ஓக் மரத்தில், மர ஆணிகள் அடித்து, நாணல் வேய்ந்து கட்டிய இன்றைய அரங்கம் 1997-ல் திறக்கப்பட்டது. 1666 பெருந்தீக்குப் பிறகு லண்டனில் நாணல் கூரைக்கு அனுமதி கிடைத்தது இதற்குத்தான். கூரையில் தண்ணீர் தெளிப்பான்களும் வைத்திருக்கிறார்கள். தொழில் புத்தி போகுமா? நாடகம் தொடங்கும்வரை மர இணைப்புகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நடு முற்றத்தின் மேலே வானம்தான். சுமார் 700 பேர் நிற்கலாம். உட்காரக் கூடாது, மழை வந்தாலும் குடை பிடிக்கக் கூடாது. டிக்கெட் அப்போது ஐந்து பவுன். சங்க நாடகத்தில் கைக்குட்டை போட்டு முன்வரிசை பிடிக்கும் நமக்கு இது புதிது. மேடை விளிம்பில் நான் சாய்ந்துகொள்ள மகன் இடம் பிடித்துக் கொடுத்தான்.

நாடகம் 'நான்காம் ஹென்றி' முதல் பாகம். இளவரசன் ஹால் மதுக்கடைச் சகவாசத்தில் திரிகிறான். அவன் வயதை ஒத்த வீரன் ஹாட்ஸ்பர் போர்க்களத்தில் புகழ் பெறுகிறான். தொட்டிலிலேயே பிள்ளைகள் மாறிப்போயிருக்கக் கூடாதா என்று ராஜா ஏங்குகிறார். இளவரசனாக சாரா அமன்க்வா, ஹாட்ஸ்பராக மிஷெல் டெர்ரி, இருவருமே பெண்கள். ஐந்து நிமிடத்தில் அது மறந்துவிட்டது.

ராஜா மகனை நிற்கவைத்து ஹாட்ஸ்பரோடு ஒப்பிட்டுப் பேசும் காட்சி வந்தது. எனக்குத் தலை நிமிரவில்லை. என் நண்பரின் மகன் ஐ.ஐ.டி.யில் சேர்ந்த பிறகு, "அவனைப் பார்" என்று சாப்பாட்டுத் தட்டின் முன் எத்தனை நாள் சொல்லியிருப்பேன்! பக்கத்தில் நின்ற மகன் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வீடு திரும்பியதும் சரித்திரத்தைப் புரட்டினேன். 1403-ல் ஷ்ரூஸ்பரி போர் நடந்தபோது ஹாலுக்கு வயது 16, ஹாட்ஸ்பருக்கு 39. ராஜாவை விடவே மூத்தவன்! நாடகச் சுவைக்காக ஷேக்ஸ்பியர் இருவரையும் சமவயதினர் ஆக்கிவிட்டார். இதை மகனிடம் சொன்னேன்.

அவன் சிரித்தான். "உங்க ஃபிரெண்ட் பையனும் எனக்கு மூணு வயசு பெரியவன்ப்பா. அது உங்களுக்கு ஞாபகமே வந்ததில்லை."

பதில் சொல்லச் சற்று நேரம் பிடித்தது. "தப்புதான்ப்பா" என்றேன். இருபது வருஷம் முன்பே சொல்லியிருக்க வேண்டியது.