நாவிதருக்கு லூத்தர் எழுதிய பதில்

ஜெபிக்க உட்கார்ந்தால் மனம் எங்கோ ஓடிவிடுகிறது என்று கிறிஸ்தவர்கள் பலர் குறைப்பட்டுக்கொள்வதுண்டு. பழியை அலைபேசிமேல் போடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. அலைபேசி இல்லாத 16ஆம் நூற்றாண்டிலும் இதே குறை இருந்தது. ஜெர்மனியின் விட்டன்பர்க் நகரில் பேட்டர் பெஸ்கெண்டார்ஃப் என்றொரு நாவிதர் இருந்தார். திருச்சபைச் சீர்திருத்தத் தலைவரும் பேராசிரியருமான மார்ட்டின் லூத்தருக்கு முடிதிருத்துபவர், நெடுநாள் நண்பரும்கூட. எப்படி ஜெபிப்பது என்று அவர் கேட்டதற்கு 1535இல் லூத்தர் ஒரு சிறு நூலாகவே பதில் எழுதி அச்சிட்டார். பேராசிரியர் ஒருவர் கடைக்காரர் ஒருவருக்கு எழுதியதாலோ என்னவோ, அதில் சுற்றிவளைத்த பேச்சே இல்லை. வேலையாலோ வேறு நினைவுகளாலோ ஜெபத்தில் தமக்கே நாட்டம் குளிர்ந்துபோகிறது என்ற ஒப்புதலோடுதான் நூல் தொடங்குகிறது. அப்படிக் குளிர்ந்த வேளையில் தாம் சங்கீதப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அறைக்கோ ஆலயத்துக்கோ போய், பத்துக் கற்பனைகளையும் விசுவாசப் பிரமாணத்தையும் வாய்விட்டுச் சொல்லத் தொடங்குவதாக எழுதுகிறார். அதாவது, பக்தி உணர்வு வந்தபின் ஜெபிக்கலாம் என்று அவர் காத்திருக்கவில்லை. நேரமும் சொற்களும் முதலில். உணர்வு வந்தால் பின்னால் வரட்டும். அன்றாட வாழ்வில் இறைப்பற்று நிலைக்க இதைவிட நம்பகமான வழி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

காலையில் முதல் வேலையாகவும் இரவில் கடைசி வேலையாகவும் ஜெபம் இருக்கட்டும் என்கிறார் லூத்தர். இன்னும் ஒரு மணி நேரம் போகட்டும், இந்த ஒரு காரியத்தை முடித்துவிடலாம் என்று மனம் சொல்லும் சாக்குகளையும் முன்கூட்டியே பட்டியலிட்டுவிடுகிறார். பிறகு முறை. ஒவ்வொரு கற்பனையையும் நான்கு இழையாகப் பிரித்துக்கொள்ள வேண்டும்: அது எனக்கு என்ன கற்பிக்கிறது, எதற்காக நன்றி சொல்ல வைக்கிறது, எதை அறிக்கையிடச் செய்கிறது, எதைக் கேட்கத் தூண்டுகிறது. கவனத்துக்கு அவர் காட்டும் உவமை நாவிதரின் தொழிலிலிருந்தே வருகிறது. சவரக் கத்தியைப் பிடித்தவர் பேசிக்கொண்டும் வேடிக்கை பார்த்துக்கொண்டும் இருந்தால், வாடிக்கையாளரின் மூக்கோ தொண்டையோ அறுபடும். கைத்தொழிலுக்கே இவ்வளவு கவனம் வேண்டுமென்றால் ஜெபத்துக்கு வேண்டாமா என்பது அவருடைய வாதம்.

கட்டிவைத்த நேரமும் எழுதிவைத்த சொற்களும் ஜெபத்தை இயந்திரமாக்கிவிடாதா என்று கேட்கலாம். இயேசுவே வீண்வார்த்தை அலப்பலைக் கண்டித்தாரே! கண்டித்தார், மத்தேயு 6ஆம் அதிகாரத்தில் அந்தக் கண்டிப்பை அடுத்தே பரமண்டல ஜெபத்தையும் கற்றுக்கொடுத்தார். ஆபத்து இருப்பது லூத்தருக்கும் தெரியும். உலகம் முழுவதும் உணர்வின்றி ஒப்பிக்கப்படும் பரமண்டல ஜெபத்தை இரத்தசாட்சிகளிலேயே பெரிய இரத்தசாட்சி என்று அதே நூலில் அவர் நொந்துகொள்கிறார். அவருடைய சொந்த அனுபவமும் கசப்பானதுதான். துறவியாக இருந்த காலத்தில் வேலை மிகுதியால் விட்டுப்போன வேளை ஜெபங்களை வார இறுதிக்குச் சேர்த்துவைத்து, உணவும் உறக்கமும் விட்டு ஒரே மூச்சில் சொல்லித் தீர்க்கப் பார்த்து நோயில் விழுந்தார். கடனைப்போல் அடைக்கப்படும் ஜெபம் என்ன செய்யும் என்பதை உடம்பால் அறிந்தவர் அவர். ஆகவேதான் நாவிதருக்குத் தந்த முறையைத் தளர்வாகவே வைத்தார். எல்லாவற்றையும் சொல்லி முடிக்க வேண்டியதில்லை; ஒரு வரியிலேயே நல்ல சிந்தனை பெருகினால் மற்றதை விட்டுவிட்டு அமைதியாகக் கேட்கலாம்.

உழைப்பே ஜெபம் என்று சொல்லித் தப்பிக்கும் வழியும் ஒன்று உண்டு. உண்மையாய் உழைப்பவர் இரட்டிப்பாக ஜெபிக்கிறார் என்ற பழைய கருத்தை லூத்தர் மறுக்கவில்லை. ஆனால் அதையே சாக்காக்கி உண்மையான ஜெபத்தின் பழக்கத்தை இழந்துவிடாதே என்று எச்சரிக்கிறார். இந்த இடத்தில் பலரும் சகோதரர் லாரன்ஸைச் சாட்சிக்கு அழைப்பார்கள். பாரிஸ் கார்மேல் மடத்துச் சமையற்கட்டில் பாத்திரங்களுக்கு நடுவே கடவுளின் உடனிருப்பை உணர்ந்தவர் அவர். ஜெப வேளைக்கும் வேலை நேரத்துக்கும் தமக்கு வேறுபாடு தெரியவில்லை என்று சொன்னவர், 1691இல் இறந்தவர். அவர் சொன்னது பொய்யல்ல. ஆனால் அந்த நிலைக்கு வருமுன் சுமார் பத்து ஆண்டுகள் தவித்ததாகவும் அவரே சொல்லியிருக்கிறார். மணியடித்தால் எல்லோரும் ஜெபிக்கக் கூடும் மடத்தில் அவர் வாழ்ந்தார் என்பதையும் மறக்கக் கூடாது. அந்த மணி நம் வீட்டுச் சமையலறையில் அடிப்பதில்லை.

நேரமில்லை என்பவர்களுக்கு நீண்ட பதில் தேவையில்லை. லூத்தர் 1529இல் குடும்பத் தலைவர்களுக்காக எழுதிய சிறிய ஞானோபதேசத்தில் காலை ஜெபமும் மாலை ஜெபமும் சில வரிகள்தாம். காலை ஜெபம் முடிந்ததும் மகிழ்ச்சியோடு வேலைக்குப் போகச் சொல்கிறார். தரங்கம்பாடிக்கு 1706இல் வந்த மிஷனரி சீகன்பால்கு இந்த ஞானோபதேசத்தைத் தமிழில் தந்தார்.

கடினமான ஆட்சேபத்தைக் கடைசியாக வைத்திருக்கிறேன். அந்த நூல் வெளிவந்த அதே 1535இல், ஈஸ்டருக்கு முந்திய நாள், குடும்ப விருந்தில் அந்த நாவிதரே தம் மருமகனைக் கத்தியால் குத்திக் கொன்றுவிட்டார். ஜெபிக்கக் கற்ற ஒருவர் இப்படிச் செய்தாரென்றால் இந்தப் பயிற்சியால் என்ன பயன்? கவனத்தைக் கூட்டும் முறை குணத்துக்கும் உத்தரவாதம் தரும் என்று நினைப்பவருக்கு இதற்குப் பதில் கிடைக்காது. லூத்தர் அப்படியொரு வாக்கைக் கொடுக்கவும் இல்லை. அவருடைய நான்கு இழைகளில் ஒன்று பாவ அறிக்கை. பரமண்டல ஜெபத்திலோ மன்னிப்புக்கான வேண்டுதலும் சோதனையிலிருந்து காக்கும்படியான வேண்டுதலும் அன்றாட அப்பத்தை அடுத்தே வருகின்றன. ஜெபிக்கிறவர் இன்றைக்கும் விழக்கூடியவர் என்று எண்ணியே அது கற்பிக்கப்பட்டிருக்கிறது. நண்பரை லூத்தர் கைவிடவும் இல்லை. அவருக்காகப் பரிந்து பேசினார். உடைமைகளை இழந்து ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டாலும் நாவிதர் உயிர் தப்பினார்.