வீட்டுத் தொழிலும் வருமான வரியும்

தீபாவளி நெருங்கும் வேளையில் மலேசியாவில் பல வீடுகளின் சமையலறைகள் சிறு தொழிற்சாலைகளாக மாறிவிடுகின்றன. முறுக்கு, அச்சுமுறுக்கு, நெய்யுருண்டை எனப் பலகாரங்களுக்கான முன்பதிவுகள் புலனத்தின் வழி வந்து குவிகின்றன. சிலர் பண்டிகைக் காலத்தோடு நிறுத்திவிடாமல் ஆண்டு முழுவதும் இத்தொழிலைச் செய்கின்றனர். கடை வாடகை இல்லை, பெயர்ப்பலகையும் இல்லை. எனினும், இதுவும் ஒரு வணிகமே. எனவே, வணிகத்திற்குரிய கடமைகள் இதற்கும் உண்டு.

ஒருவர் தனியாக முதலீடு செய்து நடத்தும் தொழிலைத் தனியுரிமை வணிகம் என்பர். தீபகற்ப மலேசியாவில், 1956ஆம் ஆண்டு வணிகப் பதிவுச் சட்டத்தின்படி, தொழில் தொடங்கிய 30 நாள்களுக்குள் அதனை மலேசிய நிறுவன ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். சொந்தப் பெயரில் பதிவு செய்ய ஆண்டுக்கு 30 ரிங்கிட்டும், வணிகப் பெயரில் பதிவு செய்ய 60 ரிங்கிட்டும் கட்டணமாகும்.

அடுத்தது வருமான வரி. தனியுரிமை வணிகத்தில் உரிமையாளரும் வணிகமும் வேறு வேறல்ல. ஆதலால், வணிகத்தின் இலாபம் உரிமையாளரின் சொந்த வருமானமாகவே கருதப்படுகிறது. விற்பனைத் தொகை முழுவதற்கும் வரி விதிக்கப்படும் எனப் பலர் அஞ்சுகின்றனர். அது தவறான எண்ணம். விற்பனைத் தொகையிலிருந்து தொழிலுக்காகச் செய்த செலவுகளைக் கழித்த பின்னர் எஞ்சும் இலாபமே கணக்கில் சேரும்.

எடுத்துக்காட்டாக, ஓர் இல்லத்தரசி ஓராண்டில் 60,000 ரிங்கிட்டுக்கு முறுக்கு விற்கிறார் எனக் கொள்ளலாம். மாவு, உளுந்து, எண்ணெய் ஆகியவற்றுக்கு 24,000 ரிங்கிட். புட்டிகள், பைகளுக்கு 3,000 ரிங்கிட். சமையல் எரிவாயுவுக்கு 3,000 ரிங்கிட். உதவியாளரின் கூலிக்கு 4,000 ரிங்கிட். பொருள்களைக் கொண்டு சேர்க்கும் பெட்ரோலுக்கு 2,000 ரிங்கிட். மொத்தச் செலவு 36,000 ரிங்கிட். ஆக, இலாபம் 24,000 ரிங்கிட் மட்டுமே.

இதிலிருந்து தனிநபர் வரி விலக்காக 9,000 ரிங்கிட் கழிக்கப்படும். எஞ்சிய 15,000 ரிங்கிட்டுக்கு, 2024ஆம் மதிப்பீட்டு ஆண்டின் விகிதப்படி, முதல் 5,000 ரிங்கிட்டுக்கு வரி இல்லை; அடுத்த 10,000 ரிங்கிட்டுக்கு 1 விழுக்காடு. எனவே, வரி 100 ரிங்கிட். வரிக்குரிய வருமானம் 35,000 ரிங்கிட்டைத் தாண்டாதவர்களுக்கு 400 ரிங்கிட் வரை தள்ளுபடி உண்டு. ஆகவே, அவர் கட்ட வேண்டிய வரி ஒன்றுமில்லை.

ஆனால், அவரிடம் ஒரு பற்றுச்சீட்டுகூட இல்லையென்றால் என்ன ஆகும்? செலவுகளை மெய்ப்பிக்க இயலாது. செலவு எதுவும் ஏற்கப்படாமல் 60,000 ரிங்கிட்டும் வருமானமாகக் கணக்கிடப்பட்டால், தனிநபர் விலக்குக்குப் பின் 51,000 ரிங்கிட் எஞ்சும். அதற்குரிய வரி 1,610 ரிங்கிட், தள்ளுபடியும் கிடைக்காது. உழைப்பு அதேதான், வருமானமும் அதேதான். இந்த வேறுபாட்டுக்குக் காரணம் கணக்கு எழுதாமை ஒன்றே.

எல்லாச் செலவுகளையும் கழித்துவிட முடியாது என்பதையும் அறிந்திருக்க வேண்டும். வீட்டுக்கு வாங்கிய மளிகைப் பொருள்களைத் தொழில் செலவோடு சேர்க்கக்கூடாது. உதவியாளரின் கூலியைக் கழிக்கலாம். உரிமையாளர் தமக்கென எடுத்துக்கொள்ளும் பணத்தைக் கழிக்க இயலாது. வீட்டுக்கும் தொழிலுக்கும் ஒரே பணப்பையைப் பயன்படுத்துவோர் இங்கேதான் தடுமாறுகின்றனர். தொழிலுக்கெனத் தனி வங்கிக் கணக்கு வைத்துக்கொண்டால் இக்குழப்பம் நீங்கும். கடைகளில் தரப்படும் பற்றுச்சீட்டுகளின் மை விரைவில் மங்கிவிடும். எனவே, அவற்றைக் கைப்பேசியில் படமெடுத்துச் சேமிப்பது நல்லது. வணிகப் பதிவேடுகளை 7 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும் என்பது சட்டம்.

வணிக வருமானம் உடையவர்கள் 'பி' பாரத்தை மறு ஆண்டு ஜூன் 30ஆம் நாளுக்குள் உள்நாட்டு வருமான வரி வாரியத்திடம் ஒப்படைக்க வேண்டும். மின்னியல் முறையில் அனுப்புவோருக்குச் சில நாள்கள் கூடுதல் அவகாசம் வழங்கப்படுவதுண்டு. வரி கட்ட வேண்டியதில்லை என்பதற்காகப் பாரம் அனுப்பாமல் இருந்துவிடக்கூடாது. தக்க காரணமின்றிப் பாரம் அனுப்பாதவருக்கு 200 முதல் 20,000 ரிங்கிட் வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம்.

இக்கடமைகளைச் சுமையாக மட்டும் எண்ணலாகாது. பெரிய மாவு இயந்திரம் வாங்கக் கடன் கேட்டுச் செல்லும்போது, வங்கி அதிகாரி வணிகப் பதிவுச் சான்றிதழையும் வருமான வரி ஆவணங்களையும் கேட்பது வழக்கம். பல ஆண்டுகள் அடுப்பின் முன் நின்று உழைத்தவரிடம் அந்த உழைப்பைக் காட்ட ஒரு தாள்கூட இல்லாமற்போனால், தொழில் வளர வழியின்றி நின்றுவிடும். வரிப் பணமோ பள்ளி, மருத்துவமனை, சாலை என மக்களிடமே திரும்பி வருகிறது.

'ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு' என்பது முன்னோர் வாக்கு. மாவையும் எண்ணெயையும் அளந்து போடுபவர் வரவையும் செலவையும் அன்றன்றே எழுதி வைத்தால், அக்கணக்கே அவருடைய தொழிலுக்குக் காவலாக நிற்கும்.