காபி டம்ளர் சொன்ன பொய்!

கொரோனா சமயத்துல கேட்ல நிக்க வெச்சு நம்ம நெத்தியில சுட்டாங்களே, அந்த தெர்மாமீட்டர் துப்பாக்கி... அதுல ஒண்ணு எங்க ஹாஸ்டல் ரூம்ல அநாதையா கிடந்தது. போன செமஸ்டர்ல ஒரு சாயங்காலம், மெஸ் காபி வாங்கின எவர்சில்வர் டம்ளர் மேல அதைக் காட்டி அழுத்தினேன். 36 டிகிரி. 'அடச்சே, ஆறிப்போச்சே'ன்னு ஒரே மடக்கா வாயில் ஊத்த... நாக்கு வெந்துபோச்சு!

ரூம்மேட் விழுந்து விழுந்து சிரிச்சு முடிச்சதும், கறுப்பு இன்சுலேஷன் டேப்பை டம்ளர்ல ஒரு துண்டு ஒட்டி, அந்த டேப் மேல சுட்டான். 71 டிகிரி. அதே டம்ளர், அதே காபி!

விஷயம் இதுதான். அந்தத் துப்பாக்கி சூட்டை அளக்கிறதே இல்லை. பொருள்லேர்ந்து வர்ற அகச்சிவப்புக் கதிரை வாங்கிக்கிட்டு, 'இவ்வளவு கதிர் வரணும்னா இது இத்தனை டிகிரியில் இருக்கணும்'னு கணக்குப் போடுது. பளபளன்னு இருக்கிற எவர்சில்வர் ஒரு கஞ்சன். தன்கிட்ட இருக்கிற சூட்டை வெளியே விடாது, எதிரே இருக்கிற சுவரோட கதிரைத்தான் திருப்பி அனுப்பும். கறுப்பு டேப் வள்ளல். இருக்கிறதை அப்படியே கொடுத்துடும்.

இப்படிக் கதிரை வெச்சுக் கணக்குப் போட்டு வர்ற டிகிரிக்கு 'பிரைட்னஸ் டெம்பரேச்சர்'னு பேர். பாடப்புத்தகத் தமிழ்ல, ஒளிர்வு வெப்பநிலை. ஒரு குறிப்பிட்ட அலைவரிசையில் இத்தனை கதிரை அனுப்ப, ஒரு முழுக் கறுப்புப் பொருள் எத்தனை கெல்வின்ல இருக்கணுமோ, அந்த எண். நிஜ வெப்பநிலையா இருக்கலாம், இல்லாமலும் போகலாம். சூரியனையே எடுத்துக்குங்க. கண்ணுக்குத் தெரியற ஒளியில் அதோட எண் 6,000 கெல்வினுக்குக் கொஞ்சம் கம்மி. மீட்டர் அலை ரேடியோவில் பார்த்தா கிட்டத்தட்ட பத்து லட்சம்! அங்கே நாம பார்க்கிறது மேற்பரப்பை இல்லை, அதைச் சுத்தியிருக்கிற கரோனாவை.

டம்ளர் செஞ்ச அதே குறும்பை கடலும் செய்யும். மைக்ரோவேவ்ல தண்ணி பெரிய கஞ்சன். அதனால சாட்டிலைட்டுக்கு 300 கெல்வின் கடல், 150 கெல்வின் மாதிரிகூடத் தெரியும். ஆனா உறைஞ்ச கடல்பனி வள்ளல். ஸோ, துருவத்துப் படத்துல பனி சூடாவும் தண்ணி ஜில்லுன்னும் தலைகீழாத் தெரியும். இது குறை இல்லை பாஸ், வரம்! 1972-ல் நாசா ஏவின நிம்பஸ்-5 சாட்டிலைட்ல இருந்த ரேடியோமீட்டர், அண்டார்டிகாவோட வெடல் கடல்ல ஒரு பிரம்மாண்ட ஓட்டையைக் கண்டுபிடிச்சது இப்படித்தான். 1974-லிருந்து 1976 வரைக்கும் மூணு குளிர்காலமும், சுத்திலும் பனி உறைஞ்சு கிடக்க, நடுவுல மட்டும் திறந்த தண்ணி. துருவ இருட்டுல, மேகத்துக்குக் கீழே இருந்ததை வேற எந்தக் கேமராவும் பார்த்திருக்காது.

சரி, டம்ளர்கிட்ட ஏமாந்த மாதிரி சாட்டிலைட் ஏமாறாம இருக்கணுமே? அதுக்கு ஒவ்வொரு ஸ்கேன்லயும் ரெண்டு பரீட்சை வைக்கிறாங்க. முதல்ல, கூடவே எடுத்துட்டுப் போன கறுப்புத் தட்டைப் பார்க்கும். அதோட சூடு எத்தனைன்னு அதுலயே ஒட்டியிருக்கிற தெர்மாமீட்டர் சொல்லிடும். அடுத்து, வெறும் ஆகாசத்தைப் பார்க்கும். அங்கே 2.7 கெல்வின். ரெண்டு புள்ளி கிடைச்சாச்சு, கோடு போட்டுட வேண்டியதுதான்.

அந்த 2.7 எங்கேர்ந்து வந்தது? 1964-ல் அமெரிக்காவோட நியூஜெர்ஸியில், ஹோம்டெல்ங்கிற ஊர்ல பெல் லேப்ஸோட கொம்பு ஆன்டெனாவை வெச்சு ஆர்னோ பென்சியாஸும் ராபர்ட் வில்சனும் வானத்தை அளந்தாங்க. தலைக்கு நேர் மேலே 6.7 கெல்வின் வந்தது. காற்று மண்டலத்துக்கு 2.3, ஆன்டெனாவோட சொந்த இழப்புக்கும் தரையிலேர்ந்து கசியறதுக்கும் 0.9. கழிச்சா மிச்சம் 3.5. அது மட்டும் போகவே மாட்டேங்குது! எந்தத் திசையில் திருப்பினாலும் அதே. உள்ளே குடும்பம் நடத்தின புறாக்களை விரட்டி, அதுங்க எச்சத்தையெல்லாம் துடைச்சுப் பார்த்தும் போகலை. 'ஏதோ எரர்'னு ரெக்கார்டு நோட்டுல எழுதிட்டுப் போயிருக்கலாம். (நான் அதைத்தான் செஞ்சிருப்பேன், லேப்ல செஞ்சுமிருக்கேன்.) அவங்க விடலை. அது பிரபஞ்சம் பிறந்த சூட்டோட மிச்சம்! 1978-ல் நோபல் பரிசு. அன்னிக்கு அவங்களுக்குத் தலைவலியா இருந்தது, இன்னிக்கு வானிலை சாட்டிலைட்டுக்கு அளவுகோல்.

இனிமேதான், ஈ.ஸி.ஈ. படிக்கிற எனக்கு நெருடுற விஷயம்.

காத்துல இருக்கிற நீராவி 22.235 கிகாஹெர்ட்ஸ்ல கதிர் விடும். அதோட ஓரத்துல, 23.8-ல காது வெச்சுத்தான் கடல் மேல எத்தனை ஈரம் இருக்குன்னு சாட்டிலைட் கேட்குது. ஜில்லுன்னு தெரியற கடல் பின்னணியில் நீராவி சூடா பளிச்சுன்னு நிக்கும். மழை, புயல் கணிப்புக்கு இது அடிப்படை. நம்ம இஸ்ரோவும் பிரான்ஸும் சேர்ந்து 2011-ல் அனுப்பின மேகா-டிராபிக்ஸ்ல இருந்த கருவிக்கும் 23.8-ல ஒரு காது உண்டு. அந்தக் கருவியோட பேர் என்ன தெரியுமா? மெட்ராஸ்! (பாவம், சீக்கிரமே ரிப்பேராயிடுச்சு.)

இந்த அலைவரிசையை மாத்திக்க முடியாது. நீராவி எங்கே பேசணும்னு முடிவு பண்றது நீராவிதான். ஆனா 5ஜிக்கு ஒதுக்கியிருக்கிற ஒரு பட்டை 24.25-லயே ஆரம்பிக்குது. பக்கத்து வீடு. டவர்லேர்ந்து கொஞ்சம் கசிஞ்சு இந்தப் பக்கம் வந்தா, சாட்டிலைட்டுக்கு அது டவரா, ஈரமா தெரியாது. அதுக்குத் தெரிஞ்சது ஒரே ஒரு எண்தான். சாட்டிலைட் பார்க்கிற ஒரு புள்ளியே பல பத்து கிலோமீட்டர் அகலம். கரையோர ஊர்ல ஒரே புள்ளிக்குள்ள கடலும் வரும், டவரும் வரும்.

2019 மே மாசம் அமெரிக்க நாடாளுமன்றக் கமிட்டி முன்னாடி, அப்போ நோவா அமைப்பின் தற்காலிகத் தலைவரா இருந்த நீல் ஜேக்கப்ஸ், கணிப்போட துல்லியம் 30 சதவிகிதம் வரைக்கும் குறையலாம்னு எச்சரிச்சார். டெலிகாம் தரப்பு அந்தக் கணக்கை ஒத்துக்கலை. அந்த வருஷக் கடைசியில் எகிப்தோட ஷர்ம் எல்-ஷேக்ல நடந்த உலக ரேடியோ மாநாட்டுல பேரம். டவர்லேர்ந்து கசியறது -55 டெசிபல் வாட்டுக்கு மேல போகக் கூடாதுன்னு உலக வானிலை அமைப்பு கேட்டது. கிடைச்சது -33. 2027 செப்டம்பர் 1-க்கு அப்புறம் வர்ற கருவிகளுக்கு -39. கேட்டதுக்கும் கிடைச்சதுக்கும் 22 டெசிபல் வித்தியாசம்... கால்குலேட்டர்ல தட்டிப் பாருங்க, 158 மடங்கு!

இந்தியாவுல 2022 ஏலத்துல இந்தப் பட்டையும் வித்தாச்சு. என் ரூம்மேட்டோட கனவு டெலிகாம் கம்பெனி வேலை. அவன் சொந்த ஊர் கடலூர் பக்கம். அப்பா போட் வெச்சிருக்கார், புயல் எச்சரிக்கை வந்தா கடலுக்குப் போக மாட்டார். இந்த 158-ஐ அவன்கிட்ட காட்டினேன். கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "பேஸ் ஸ்டேஷன்ல இன்னும் நல்ல ஃபில்டர் போட முடியுமாடா?"ன்னு கேட்டான். முடியும், ஆனா காசு அதிகமாகும்னேன்.

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு ஃபில்டர் டிசைனே எடுத்துட்டோம். கைடுதான் இன்னும் கிடைக்கலை.