‘மடக்’ சத்தம் கேட்டால் முதுகுவலி போய்விடுமா?

சலூனில் முடி வெட்டி முடித்ததும் கழுத்தை இந்தப் பக்கம் ஒரு திருப்பு, அந்தப் பக்கம் ஒரு திருப்பு. ‘மடக்’கென்று ஒரு சத்தம். ஐந்து நிமிடம் சொர்க்கம்தான்! இப்போது ‘கைரோபிராக்டிக்’ என்ற பெயரில் அதே மாதிரி வீடியோக்கள் செல்போனில் வரிசைகட்டி வருகின்றன. மனிதர்களுக்கு மட்டுமல்ல, குதிரைக்கும் நாய்க்கும்கூட முதுகை அழுத்தி நெட்டி எடுக்கிறார்கள்.

‘நம்ம முதுகுக்கும் ஒரு தடவை பார்த்தால் என்ன?’ என்று சிவகாசி வட்டாரத்தில் பலருக்குத் தோன்றும். தோன்றாமல் இருந்தால்தான் ஆச்சரியம். குழாய் உருட்டுவது, திரி செருகுவது, சரம் பின்னுவது எல்லாமே தரையில் உட்கார்ந்து குனிந்து செய்கிற வேலை. அச்சகத்துக்குப் போனால் காகிதக் கட்டு தூக்க வேண்டும். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் தண்ணீர்க் குடம் காத்திருக்கும்.

இதற்கு நம் ஊரிலும் வைத்தியம் உண்டு. கழுத்தில் உலக்கையை உருட்டுவார்கள். இரட்டைப் பிள்ளை பெற்றவரை அழைத்துச் சுளுக்கு வழிக்கச் சொல்வார்கள். கைரோபிராக்டிக் அமெரிக்காவில் 1895-ல் பிறந்தது. டேவன்போர்ட் நகரில் காந்த வைத்தியம் செய்துவந்த டி.டி.பால்மர், ஒருவருடைய முதுகெலும்பை அழுத்தி, போன காது கேட்கும் திறனையே மீட்டதாகச் சொன்னார். பெரும்பாலான நோய்களுக்கு முதுகெலும்பு விலகலே காரணம் என்பது அவர் வாதம். அறிவியல் அதை ஏற்கவில்லை.

அதற்காக முழுதாக ஒதுக்கவும் முடியாது. நாள்பட்ட இடுப்புவலிக்காக உலக சுகாதார நிறுவனம் 2023-ல் வெளியிட்ட வழிகாட்டியில், பயிற்சி பெற்றவர் கையால் செய்யும் முதுகெலும்புச் சிகிச்சையும் ஒரு வழியாக இடம்பெற்றிருக்கிறது. உடற்பயிற்சியும் அதே பட்டியலில்தான் இருக்கிறது.

அந்த ‘மடக்’ சத்தம்? விலகிய எலும்பு இடத்தில் உட்காரும் ஓசை அல்ல அது. மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் வாயுக் குமிழி உருவாகும் சத்தம். விரலில் சொடக்கு எடுப்பதும் இதே கதைதான்.

பயப்பட வேண்டியது கழுத்துக்கு. வெடுக்கென்று திருப்பும்போது மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயின் உட்சுவர் கிழிந்து, பக்கவாதம் வரை போகலாம். அபூர்வம்தான், ஆனால் வந்தால் வாழ்க்கையே மாறிவிடும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு மெலிந்திருந்தால், முதுகை அழுத்தும்போது முறியவும் கூடும். இந்தியாவில் கைரோபிராக்டிக்குக்கென்று தனி அரசு கவுன்சில் கிடையாது. பலகை மாட்டியவர் எங்கே படித்தார் என்று கேட்க வேண்டியது நாம்தான்.

இடுப்புவலியோடு கால் மரத்துப்போனால், சிறுநீர் அடைத்துக்கொண்டால் அல்லது தானாகப் போனால், யாரிடமும் நெட்டி எடுக்கப் போகாதீர்கள். அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மற்ற முதுகுவலிக்கு இயன்முறை மருத்துவரே போதும். இ.எஸ்.ஐ. பிடிக்கும் தொழிலாளர்களுக்கு சிவகாசியிலேயே இ.எஸ்.ஐ. மருத்துவமனை இருக்கிறது. 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு தேடி வரும் இயன்முறை சிகிச்சையும் உண்டு. ஊர் சுகாதார நிலையத்தில் கேளுங்கள். வேலையில், அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நின்று இடுப்பைப் பின்னுக்கு வளைத்துவிட்டு உட்காருங்கள். பீஸ் ரேட்டில் வேலை பார்ப்பவருக்கு அந்த ஒரு நிமிடமும் காசுதான், தெரிகிறது. ஆனால் முதுகு பிடித்துக்கொண்டால் போவது ஒரு நாள் கூலி.

வாயில்லா ஜீவன்கள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். கன்று ஈன்ற பசு எழமாட்டேன் என்று படுத்துவிட்டால், ‘இடுப்பு பிடித்துவிட்டது’ என்று இழுத்துவிடுவதும், சூடு போடுவதும் உண்டு. பெரும்பாலும் அது இடுப்புக் கோளாறே அல்ல. பால் சுரப்பில் கால்சியம் குறைந்து வரும் ‘பால் காய்ச்சல்’. கால்நடை மருத்துவர் நரம்பில் கால்சியம் ஏற்றினால், படுத்த பசு சில மணி நேரத்தில் எழுந்து நின்றுவிடும். தாமதித்தால் இறந்துவிடும்.

ராஜபாளையம் நாய் திடீரென்று பின்னங்காலை இழுத்து நடந்தால் தண்டுவட நரம்பு நசுங்கியிருக்கலாம், அடிபட்டிருக்கலாம். காலைப் பிடித்து இழுக்காமல், ஒரு பலகையில் அசையாமல் படுக்கவைத்துக் கொண்டுபோங்கள். மாடு, ஆடு என்றால் 1962-க்கு போன் செய்தால் கால்நடை ஆம்புலன்ஸ் ஊருக்கே வரும்.