தேன்சிட்டுக்கு ஆகும் செலவு

வீட்டுத் தோட்டத்துக்குப் பறவை வர வேண்டும் என்றால் பலரும் முதலில் வாங்குவது தானியம். நாளுக்கு 100 கிராம் கம்பு போட்டால் மாதம் 3 கிலோ. கிலோ 50 ரூபாய் என்று வைத்தாலும் வருஷத்துக்கு ஏறக்குறைய 1,800 ரூபாய். சென்னை மாதிரி ஊரில் அதில் பெரும்பங்கு புறா வாய்க்குத்தான் போகும். எச்சத்தைக் கழுவுகிற வேலை தனி.

தேன்சிட்டு வர அந்தப் பணத்தில் கால்வாசி கூட வேண்டாம். கறிவேப்பிலைக் கன்று 40, எலுமிச்சை 60, இட்லிப்பூ 60, வாயகன்ற மண்சட்டி 100. ஆக 260 ரூபாய். நர்சரிக்கு நர்சரி கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். எருக்கு வேலியோரம் தானே முளைக்கும். வெட்டாமல் விட்டால் வெந்தய வரியன் பட்டாம்பூச்சி அதில் முட்டையிடும்.

சட்டி 30 செ.மீ. விட்டம், தண்ணீர் 4 செ.மீ. ஆழம் என்றால் கொள்ளளவு 2.8 லிட்டர். தினமும் மாற்ற, மாதம் 85 லிட்டர். ஏடிஸ் முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாளாகும். தினமும் கவிழ்த்துவிட்டால் அந்தப் பயமில்லை. நடுவில் ஓர் ஓட்டுச்சில்லு கிடக்கட்டும். தேன்சிட்டின் எடை 8 கிராம், பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே கூட. 4 செ.மீ. ஆழத்தில் அது எங்கே கால் ஊன்றும்?

மனசுக்கு வலிக்கிற செலவு கறிவேப்பிலைதான். கறிவேப்பிலை அழகி என்ற பட்டாம்பூச்சியின் புழு ஐந்து பருவம் வளரும். முதலில் இலைமேல் விழுந்த காக்கை எச்சம் போலிருக்கும். கடைசிப் பருவத்தில் பச்சையாகி, தொட்டால் தலைக்குப் பின்னால் செந்நிறக் கொம்பை நீட்டி நாற்றமடிக்கும். இலையை வாரி விழுங்குவதும் அப்போதுதான். சின்னச் செடியை ஒரு வாரத்தில் மொட்டையாக்கிவிடும். முட்டையிலிருந்து பட்டாம்பூச்சி வர ஏறக்குறைய ஒரு மாதம். அதுவரை ரசத்துக்குக் கடையில் கொத்து வாங்க வேண்டியதுதான். மருந்தடித்தால் கறிவேப்பிலை மிஞ்சும், பறவை மிஞ்சாது. தேன் குடிக்கிற சிட்டுகூடக் குஞ்சுக்கு ஊட்டுவது பூச்சியும் சிலந்தியும்தான்.

செலவே இல்லாத இனமும் உண்டு. தேன்சிட்டு கூட்டைக் கட்டிப் பிணைப்பது சிலந்தி நூலால். அதனால் தாழ்வாரத்து ஒட்டடையில் கொஞ்சத்தை விட்டுவைக்கலாம்; வீட்டில் யாரும் குறை சொன்னால் சிட்டின் மேல் பழியைப் போடலாம். முட்டை இரண்டு, அடைகாப்பு 14 முதல் 16 நாள், குஞ்சு பறக்க இன்னும் இரண்டரை வாரம். அந்த ஒரு மாதம் கூடு தொங்கும் கிளையில் கத்தரி படக்கூடாது.

பார்ப்பதற்குப் பைனாகுலர் தேவையில்லை. 8×42 கருவி ஆயிரக்கணக்கில் விலை; ஜன்னலுக்கு வெளியே மூன்றடியில் இட்லிப்பூ இருந்தால் கண்ணே போதும். பொங்கல் நாட்களில் தமிழ்நாட்டில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்புக்குக் கேட்பது வெறும் 15 நிமிடம். பட்டியலை இ-பேர்ட் இணையதளத்தில் ஏற்றக் கட்டணமில்லை. அப்போது காகத்தையும் மைனாவையும் சேர்த்து எழுத வேண்டும், புறாவையும்தான்.